நாங்கள் எப்போதும் படிவம் நிரப்புகிறவர்கள்தானா?



எங்கள் பாடசாலைப் பெற்றோருக்கும், வன்னிப் பக்கத்துச் சொந்தங்களுக்கும், புத்தளத்தில் இருந்துகொண்டு வட்ஸ்அப் குழுக்களில் மட்டும் இன்னமும் ஊரில் வாழ்கிற உறவுகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். நீளமான பதிவுதான். பாதியில் கமெண்டுக்கு ஓடாமல் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

உயர்தரத்தில் படிக்கிற நான்கு பிள்ளைகள் செய்த சின்னச் செயலியை நிறுத்த வேண்டும், அதோடு பெற்றோர் குழுவையும் மூட வேண்டும் என்று போன கூட்டத்தில் கதைத்தார்கள். கை தூக்கச் சொன்னபோது தூக்கியவர்கள்தான் அதிகம். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்ற ஆசிரியர்கள் நாங்கள் சிலர். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம். அது எங்கள் பிழை. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

முதலில் நடந்ததை ஒழுங்காகச் சொல்வோம்.

ஒரு இரவு குழுவுக்கு ஒரு லிங்க் வந்தது. "மாணவர் உதவித்தொகை, விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள்" என்று எழுதியிருந்தது. அழுத்தினால் அரச இலச்சினை மாதிரி ஒன்றோடு ஒரு பக்கம். பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், போன் இலக்கம். எல்லாம் நிரப்பி முடிய, "உங்கள் போனுக்கு ஒரு இலக்கம் வரும், அதையும் இதில் போடுங்கள்" என்றது. போட்டவர்களின் கணக்கில் விடியும்போது காசு இல்லை. மூன்று உம்மாமார் பறிகொடுத்தார்கள். ஒருவருடையது தையல் மெசின் வாங்கச் சேர்த்த காசு.

அந்த லிங்கைக் குழுவில் போட்டவர் படித்தவர், ஊருக்கு நல்லது செய்கிறவர். அவரும் யாரோ அனுப்பியதை நம்பித்தான் அனுப்பினார். அவரில் நாங்கள் குற்றம் காணவில்லை.

ஆனால் இன்னொரு விசயத்தைக் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. லிங்க் வந்து கொஞ்ச நேரத்தில் குழுவில் ஒரு எச்சரிக்கை விழுந்தது: "இது கள்ள லிங்க். அரசாங்கத் தளம் என்றால் முகவரி gov.lk என்று முடியவேண்டும். இது அப்படி இல்லை. யாரும் நிரப்ப வேண்டாம்." வாப்பாவின் போனிலிருந்து அதைப் போட்டது, அந்தச் செயலியைச் செய்த நான்கு பேரில் ஒரு மாணவி. அதற்குக் கீழே பெரியவர் ஒருவர் போட்ட பதில் இன்னமும் அங்கேதான் இருக்கிறது: "பெரியவங்க கதைக்கிற இடத்தில சின்னப் பிள்ளைகள் தலையிட வேண்டாம்." அந்தப் பதிலுக்கு ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த மூன்று பேரும் நிரப்பினார்கள்.

இப்போது கூட்டம் கூடி, காசு போனதற்குக் காரணம் "இந்தப் பிள்ளைகள் போனில் செய்கிற விளையாட்டு" என்று தீர்ப்புச் சொல்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேயைக் காட்டிக் கொடுத்த பிள்ளையைத்தான் பேய் என்கிறோம்.

அப்படி அந்தப் பிள்ளைகள் என்னதான் செய்தார்கள்?

மாரி காலத்தில் எங்கள் குழு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும். "நாளைக்கு ஸ்கூல் இருக்கா?" "சேர், நாளைக்கு இருக்கா?" "யாருக்காவது தெரியுமா?" ஒரு இரவில் இருநூறு செய்திக்கு மேல் வரும். அதிபர் பத்து மணிக்குப் போட்ட பதில் அதற்குள் புதைந்து போய்விடும். காலையில் பாதிப் பிள்ளைகள் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்து பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

பிள்ளைகள் இந்த ஒரு கேள்வியை எடுத்தார்கள். டெலிகிராமில் ஒரு பொட் வைத்தார்கள். அதைத் திறந்தால் ஒரு பொத்தான். அழுத்தினால் அரட்டைக்குள்ளேயே ஒரு சின்னப் பக்கம் திறக்கும். பெரிய எழுத்தில் "நாளை பாடசாலை உண்டு" அல்லது "நாளை பாடசாலை இல்லை". கீழே, எத்தனை மணிக்கு யார் அறிவித்தது என்று ஒரு வரி. அவ்வளவுதான். பிறகு அதோடு தவணைப் பரீட்சை நேரசூசியையும், வராத பிள்ளைகளுக்கு அன்றைய பாடக் குறிப்பின் படத்தையும் சேர்த்தார்கள். டெலிகிராம் இல்லாத உம்மாமாருக்கு அதே பக்கத்தின் முகவரியை வட்ஸ்அப்பில் போட்டார்கள்.

இது வேறு கிரகத்து வித்தை இல்லை. டெலிகிராம் 2015 ஜூனில் பொட்களுக்கான வாசலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதில் பொட்ஃபாதர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. புதுப் பொட் வேண்டும் என்று கட்டளை அனுப்பினால், பெயர் கேட்டுவிட்டு நீளமான ஒரு திறவுகோலைத் தரும். அந்தத் திறவுகோலை வைத்திருக்கிற நிரலுக்கு, பொட்டுக்கு வருகிற செய்திகள் வந்து சேரும். நிரல் சொல்கிற பதில் திரும்பிப் போகும். 2022 இல் இன்னொரு படி ஏறினார்கள். பொட் காட்டுகிற பொத்தானை அழுத்தினால் அரட்டையை விட்டு வெளியே போகாமலே ஒரு வலைப்பக்கம் திறக்கலாம் என்றார்கள். அந்தப் பக்கம் எங்கள் உயர்தர ஐ.சி.டி. பாடத்திட்டத்தில் படிப்பிக்கிற எச்.டி.எம்.எல். தான். பின்னால் ஓடுகிறது அதே பாடத்திட்டத்துப் பைதன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற ஒன்றை இந்தப் பிள்ளைகள் ஊருக்குப் பிரயோசனப்படுத்தினார்கள். அதற்குத்தான் கூட்டம் போட்டுக் கை தூக்கினோம்.

இனி, கூட்டத்தில் சொன்னவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறோம்.

"போனே பிரச்சினை. பிள்ளைகளை அதற்குள் தள்ளாதீர்கள்" என்றார்கள்.

2024 ஞாபகம் இருக்கிறதா? கடைத்தெருவிலும், வயல் வரம்பிலும், பள்ளிவாசல் வாசல் படியிலும் எங்கள் ஆண்கள் போனைக் குத்திக்கொண்டிருந்தார்களே, ஹம்ஸ்டர் கொம்பட் என்று ஒன்றை? அதுவும் இதே டெலிகிராமுக்குள் திறக்கிற சின்னச் செயலிதான். இதே வாசல், இதே பொத்தான். 300 மில்லியன் பேர் விளையாடினார்கள் என்று அதை நடத்தியவர்களே சொன்னார்கள். அந்த வருசம் செப்டெம்பர் 26 ஆம் திகதி அவர்களுடைய நாணயத்தைப் பங்கு பிரித்தபோது, மாதக்கணக்காகக் குத்தியவர்களில் எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குக் கிடைத்தது ஒரு தேத்தண்ணிக்கும் வடைக்கும் போதுமான காசு. அப்போது ஒரு கூட்டமும் கூடவில்லை. யாரும் கை தூக்கவில்லை. "தம்பி, எனக்கும் அந்தக் கோட்டை அனுப்பு" என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு வந்த "இவ்வளவு போடு, இவ்வளவு வரும்" திட்டங்களில் இறங்கியவர்களையும் எங்களுக்குத் தெரியும். பிரமிட் திட்டங்கள் இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டவை என்று மத்திய வங்கி திரும்பத் திரும்பச் சொல்லியும் இறங்கினார்கள்.

எங்கோ இருக்கிறவன் செய்த சின்னச் செயலிக்குள் எங்கள் நேரம் போகலாம், காசு போகலாம். எங்கள் பிள்ளை செய்த செயலி மழை நாளில் ஒரு பதில் சொன்னால் மட்டும் போன் கெட்டதாகிவிடுமா? இந்தக் கணக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

"செய்வதென்றால் பெரிதாகச் செய்வோம். கொழும்பில் ஒரு கம்பனியைப் பிடித்துப் பாடசாலைக்கென்று தனி அப் ஒன்று செய்விப்போம். வெளிநாட்டு உறவுகளிடம் காசு கேட்கலாம்" என்று இன்னொரு யோசனை வந்தது.

நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் தயவுசெய்து வேண்டாம். எங்கள் பெற்றோரின் போன்களைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறோம். இடம் இல்லை. கல்யாண வீடியோவும் பேரப்பிள்ளையின் படங்களும் நிரம்பி, வட்ஸ்அப்பே திணறுகிறது. புதிதாக ஒன்றை இறக்க டேட்டா வேண்டும். அதற்கு ஒரு கடவுச்சொல் வேண்டும். அந்தக் கடவுச்சொல் மறுநாள் மறந்துபோகும். இரண்டு வருசத்தில் போன் மாறும், அப் பழையதாகும். கம்பனிக்காரர் திருத்தித் தர மறுபடி காசு கேட்பார். நாடா வெட்டித் திறந்து, பெயர்ப்பலகை மட்டும் பளபளக்க, உள்ளே யூ.பி.எஸ். செத்துப்போய்ப் பூட்டிக் கிடக்கிற கம்பியூட்டர் அறைகளை இந்தப் பக்கத்தில் நாங்கள் பார்க்கவில்லையா?

உலகமும் அந்தத் திசையில் போகவில்லை. சீனாவில் வீசாட் 2017 ஜனவரி 9 ஆம் திகதி தன் அரட்டைக்குள்ளேயே சின்னச் செயலிகளைத் தொடங்கியது. இறக்க வேண்டாம், பதிய வேண்டாம், வந்து வேலையை முடித்துக்கொண்டு போகலாம் என்பதுதான் அதன் அடிப்படை. சென்னை மெட்ரோ 2023 மே மாதத்திலிருந்து வட்ஸ்அப்பில் "ஹாய்" என்று அனுப்பினால் பயணச்சீட்டுத் தருகிறது. ஆந்திர அரசு 2025 ஜனவரி 30 ஆம் திகதி "மன மித்ர" என்று வட்ஸ்அப்பிலேயே 161 சேவைகளைத் தொடங்கியது. இவ்வளவு பெரிய அரசுகளும் நிறுவனங்களும், சனம் ஏற்கெனவே நிற்கிற இடத்துக்குத்தான் வந்து நிற்கின்றன. எங்கள் சனம் நிற்கிற இடம் அரட்டைக் குழு. அங்கேயே வைத்துத் தருவதை விட்டுவிட்டு இன்னொரு கட்டடம் எதற்கு?

இந்தப் பிள்ளைகள் செய்ததற்கு ஆன செலவு, டேட்டா ரீலோட் தவிர வேறொன்றும் இல்லை.

"எங்கள் விபரமெல்லாம் யாரிடம் போகிறது? நாளைக்கு அந்தப் பட்டியல் யாருடைய கையில் இருக்கும்?" என்று பின்வரிசையில் இருந்து ஒரு தாய் கேட்டார். முன்வரிசைக் கூச்சலில் அந்தக் கேள்வி அமுங்கிப்போனது. அந்தக் கூட்டத்தில் கேட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள்.

பட்டியல் என்றால் என்ன என்று வன்னி மண்ணில் இருக்கிறவர்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, உடுத்த உடுப்போடு புத்தளத்தில் போய் இறங்கிய எங்கள் வாப்பாமார் முதலில் நின்றது பதிவு வரிசையில். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எங்கள் தமிழ்ச் சகோதரர்கள் நின்றதும் பதிவு வரிசையில். திரும்பி வந்து காணிக்கு, வீட்டுக்கு, நிவாரணத்துக்கு என்று எங்கு போனாலும் முதல் கேள்வி "பதிவு இருக்கா?" என்பதுதான். பட்டியலில் பெயர் இல்லாமல் பட்டினி கிடந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருந்ததால் நித்திரை இல்லாமல் கிடந்தவர்களும் இருக்கிறார்கள்.

இத்தனை வருசமாக எங்கள் வேலை ஒன்றே ஒன்றுதான்: யாரோ எழுதிய படிவத்தை நிரப்புவது. கட்டங்களை அவர்கள் கீறுவார்கள், நாங்கள் நிரப்புவோம். ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்று கேட்டுப் பழக்கமில்லை. அந்தக் கள்ளப் பக்கம் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு என்று வரிசையாகக் கேட்டபோது எங்கள் உம்மாமார் தயங்காமல் நிரப்பியது ஏமாளித்தனத்தால் அல்ல. முப்பத்தைந்து வருசப் பழக்கம் அது. கேட்டால் கொடுத்துவிட வேண்டும், கொடுக்காவிட்டால் பெயர் வெட்டுப்படும் என்ற பயம் அது. கள்ளன் அந்தப் பயத்தின் மேல்தான் தன் பொத்தானை வைத்தான்.

இப்போது எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம்.

பிள்ளைகள் முதலில் கொண்டுவந்த வடிவத்தில், திறந்ததும் ஒரு படிவம் இருந்தது. பிள்ளையின் பெயர், சேர்விலக்கம், பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம். அதை வைக்கச் சொன்னது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். "பிறகு எதற்காவது தேவைப்படும், இப்போதே எடுத்து வைப்போம்" என்றோம். அந்த மாணவிதான் கேட்டாள்: "நாளைக்கு ஸ்கூல் இருக்கா என்று சொல்ல ஐ.டி. நம்பர் எதுக்கு சேர்?" எங்களிடம் பதில் இல்லை. வாழ்நாள் முழுக்கப் படிவம் நிரப்பியவர்களின் கையில் ஒரு தடவை படிவம் எழுதுகிற பேனை கிடைத்ததும், எங்களை நிரப்பச் சொன்னவர்கள் கீறிய அதே கட்டங்களைத்தான் நாங்களும் கீறினோம்.

படிவத்தை அன்றைக்கே எடுத்துவிட்டோம். இப்போது இருப்பதில் நிரப்புவதற்கு ஒரு கட்டமும் இல்லை. டெலிகிராமில் திறந்தால், உங்கள் கணக்கின் பெயரும் கணக்கு இலக்கமும் அந்தச் செயலிக்குத் தெரியவரும். நீங்களாகப் பகிர்ந்தாலொழிய போன் இலக்கம் தெரியாது. தெரியவருகிறதையும் பிள்ளைகள் சேமிப்பதில்லை. பொட்களோடு நடக்கிற அரட்டை, வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் கதைப்பது மாதிரி முனைக்கு முனை பூட்டப்பட்டது அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். அதனால்தான் அதில் இரகசியம் எதையும் கேட்கவும் கூடாது, எழுதவும் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அடிப்படையில் இதைத்தான் சொல்கிறது: என்ன தேவைக்கு என்று சொல்லி, அந்தத் தேவைக்கு வேண்டியதை மட்டும் எடு. எங்கள் பாசையில் சொன்னால், ஒருவருடைய விபரம் எங்கள் கையில் அமானிதம். தேவையில்லாத அமானிதத்தைக் கேட்டு வாங்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

அந்தத் தாய்க்கு எங்கள் பதில் இதுதான். பட்டியல் இல்லை. அதனால் அது யாருடைய கைக்கும் போகாது.

"அப்படியென்றால் கள்ள லிங்கும் வட்ஸ்அப்பில்தான் வருகிறது, உங்கள் லிங்கும் வட்ஸ்அப்பில்தான் வருகிறது. படிக்காத உம்மா எப்படி வித்தியாசம் காண்பார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பிள்ளைகள் ஒரு வரி எழுதிப் பக்கத்தின் உச்சியில் ஒட்டியிருக்கிறார்கள்: "நாங்கள் உங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டோம். கேட்டால் அது நாங்கள் இல்லை." எழுத்து வாசிக்கத் தெரியாத உம்மும்மாவுக்கும் இதை வாயால் சொல்லிக் கொடுக்கலாம். முகவரியை வாசித்துக் கள்ளனைப் பிடிக்க எல்லோராலும் ஏலாது. கேட்கிறானா, தருகிறானா என்று பார்க்க எல்லோராலும் ஏலும்.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். அது தமிழ். எங்கள் தமிழ்.

அலுவல் கடிதங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்புவார்கள். போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஓடும். யூனிகோட்டுக்கு மாற்றித் தாருங்கள் என்று பிள்ளைகளிடம்தான் போவோம். இல்லையென்றால் ஸ்கேன் பண்ணிய படமாக வரும். பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்துக் கண் நோகும். வெளியார் செய்த செயலிகளில் வருகிற தமிழோ, சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ மெசின் பெயர்த்த தமிழ். இந்தப் பிள்ளைகள் எழுதியதைத் திறந்து பாருங்கள். "நாளைக்கு இல்லை. வீட்டில இருந்து படியுங்க" என்று இருக்கிறது. எந்த உம்மாவும் இன்னொருவரிடம் கொடுத்து வாசிப்பிக்கத் தேவையில்லை.

இதே வழியில் செய்ய இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஜனாஸா அறிவித்தலை எடுங்கள். திகதி போடாமல் ஒருவர் அனுப்ப, அது மூன்று நாள் கழித்து வேறொரு குழுவில் சுற்றும். புத்தளத்தில் இருக்கிறவர்கள் ஒரே மௌத்துக்கு இரண்டு தடவை அழுதது நடந்திருக்கிறது. நல்லடக்கம் எப்போது, எங்கே, முடிந்ததா என்று மாறிக்கொண்டே இருக்கிற ஒரு பக்கம் இருந்தால், வான் பிடித்து வர நினைப்பவர் நேரத்தைப் பார்த்து முடிவெடுப்பார். தமிழ் வீடுகளின் மரண அறிவித்தலுக்கும் அது பொருந்தும்.

இரணைமடுவை எடுங்கள். 2018 டிசம்பரில் வான்கதவு திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் தவித்ததை மறக்க ஏலாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரிக்கும் பழைய வான்கதவுப் படங்கள் புதிதாகச் சுற்றுகின்றன. படத்தில் திகதி இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை. நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பமும் உண்டு. உண்மையான அறிவித்தல் வந்தபோது "இதுவும் பழசு" என்று படுத்திருந்த குடும்பமும் உண்டு. அறிவித்தலை அதிகாரிகள்தான் தர வேண்டும். நாங்கள் உருவாக்கக் கூடாது. ஆனால் அவர்கள் தந்ததை, எத்தனை மணிக்குத் தந்தது என்ற வரியோடு ஒரே இடத்தில் வைக்க எங்கள் பிள்ளைகளால் முடியும்.

எல்லாவற்றையும் இதில் ஏற்றவும் நாங்கள் கேட்கவில்லை. அரட்டைத் தளங்கள் எங்கள் வீடு இல்லை, வாடகை வளவு. வீட்டுக்காரன் எப்போதும் விதியை மாற்றலாம். 2024 இல் வைபர், புதிதாகப் பொட் தொடங்குவதை வணிக ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தது. வட்ஸ்அப்பில் வணிகக் கணக்குத் திறந்தால்தான் பொட் வைக்கலாம், அதிலும் சில வகைச் செய்திகளுக்குக் கட்டணம் உண்டு. அதைவிட முக்கியமானது ஒன்று. இந்த நாட்டில் 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்களை அரசாங்கமே மூடியது. யார் எங்கே இருக்கிறார்கள், பத்திரமா என்று அறிய நாங்கள் துடித்த நாட்களில்தான் அவை மூடப்பட்டிருந்தன. ஆகவே பாடசாலை வாசலில் அறிவித்தல் பலகை இருக்கட்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கட்டும். கோவில் மணியும் தேவாலய மணியும் இருக்கட்டும். பொட் அவற்றோடு சேர்ந்து நிற்கட்டும், அவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டாம்.

கடைசியாக, அந்த மாணவியைப் பற்றி. "பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை, நாளைக்குப் பெயர் கெடும்" என்று கூட்டம் முடிந்து வாசலில் நின்று கதைத்தவர்கள் இருக்கிறார்கள். அவளுடைய உம்மா இரண்டு நாளாக அழுகிறார். பம்பைமடுவில் 2021 இலிருந்து எங்கள் வவுனியாவுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, தொழில்நுட்ப பீடம் இருக்கிறது, ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எங்கள் காலத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. அந்த வாசல்கள் வரைக்கும் இந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. சரியான நேரத்தில் சரியான எச்சரிக்கை செய்த பிள்ளைக்கு ஊர் கொடுத்த பரிசு "வாயை மூடு" என்றால், அடுத்த பிள்ளை வாயைத் திறக்காது. அடுத்த கள்ள லிங்க் வரும்போது எங்களை எச்சரிக்க ஆள் இருக்காது. தையல் மெசின் காசு போனது ஒரு தடவை நட்டம். இது வருசா வருசம் போகப்போகிற நட்டம்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் எங்கள் கோரிக்கைகள் இவை:

1. பெற்றோர் குழுவை மூடக் கூடாது. லிங்க் போடுகிற உரிமையை மட்டும் அட்மின்மார் கட்டுப்படுத்தட்டும்.

2. பிள்ளைகளின் செயலி தொடர வேண்டும். அது ஒருவரிடமும் அடையாள அட்டை இலக்கமோ, வங்கி விபரமோ, போன் இலக்கமோ கேட்காது. எதிர்காலத்தில் ஒரே ஒரு கட்டம் சேர்ப்பதென்றாலும் "இது எதற்கு?" என்ற கேள்விக்குப் பெற்றோர் கூட்டத்தில் பதில் சொன்ன பிறகே சேர்க்க வேண்டும்.

3. பொட்டின் திறவுகோல் ஒரு மாணவரின் போனில் மட்டும் இருக்கக் கூடாது. அதிபரிடமும் பொறுப்பாசிரியரிடமும் இருக்க வேண்டும். பிள்ளைகள் படித்து முடித்துப் போனால் கீழ் வகுப்பில் இருவர் பழகியிருக்க வேண்டும்.

4. ஒரு சனிக்கிழமை பின்னேரம் பெற்றோருக்கு வகுப்பு. கள்ளப் படிவம் ஒன்று எப்படிச் செய்யப்படுகிறது, அதில் நிரப்பியது எங்கே போகிறது என்று இந்த நான்கு பிள்ளைகளும் கண்முன்னே செய்து காட்டுவார்கள். படிவம் எழுதத் தெரிந்தவனுக்குத்தான் கள்ளப் படிவம் தெரியும். காசை இழந்த மூன்று உம்மாமாரும் முன்வரிசையில் இருக்க வேண்டும். அவர்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

5. "பெரியவங்க கதைக்கிற இடத்தில தலையிட வேண்டாம்" என்ற அந்தப் பதிலை எழுதியவர், அதே குழுவில், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்று அவருக்கே தெரியும்.

நாங்களும் அன்றைக்குக் கூட்டத்தில் மௌனமாக இருந்ததற்காக அந்த நான்கு பிள்ளைகளிடமும் இங்கே, எல்லோரும் பார்க்க, மன்னிப்புக் கேட்கிறோம்.

கூட்டத்துக்கு வாருங்கள். இந்த முறை கை தூக்குவதற்கு முன்னால் அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.